காப்பு அவிழாத ஆடி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
3-7-1975

அருமைத் தம்பி கோதண்டபாணிக்கு அக்கா மணியம்மாள் ஆசீர்வாதம். கங்கையம்மாளையும் பிள்ளை ராஜகோபாலையும் கேட்டதாகச் சொல். இங்கே நானும் உன் மாமாவும் என் மகள் காந்தாவும் சுகம். கரக்பூர் வெயில் உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு கார்டு போடு. கார்டு எழுதுவதென்றால் உனக்கு மலையைத் தூக்குவதுபோல என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

காந்தாவுக்கும் ராஜகோபாலுக்கும் ஆவணி வளர்பிறையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. உன் பிள்ளைக்குப் பிடித்த நாள்தானா என்று கேட்டு எழுது. காந்தாவிடம் சொன்னபோது காதில் விழாதவள்போல எழுந்து போய் ராட்டையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த ராட்டையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உன் மாமாவுக்குத் தறியில் ஓய்வு. ஜரிகை விலை ஏறியதில் முதலாளிமார்கள் நெய்யப் பாவு நூல் கொடுப்பதைச் சுருக்கிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்ட மனிதர், இப்போது பகலில் கால் நீட்டிப் படுக்கிறார்.

தெருதான் சரியாக இல்லை. விடிந்தால் ஒருத்தி வீட்டு அடுப்பிலிருந்து இன்னொருத்தி கரண்டியில் நெருப்பு வாங்கிப் போவாளே, இப்போது நெருப்பு கேட்டு யாரும் வருவதில்லை. மேலே வைக்க ஏதாவது இருந்தால்தானே நெருப்பு வேண்டும். பாலாறு போன வருஷம் மழை ஏமாற்றியதிலிருந்து மணலாகக் கிடக்கிறது. முசரவாக்கம் பக்கத்துக் கூலிச் சனங்கள் நடவும் இல்லாமல் களையும் இல்லாமல் டவுனுக்குள் சுற்றுகிறார்கள்.

வருஷா வருஷம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்போம் அல்லவா? இந்தத் தடவை மாசம் முழுக்க வார்ப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டேன். மஞ்சள் துணியை மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தானியம் கேட்கக் கிளம்பியாகிவிட்டது. முசரவாக்கம் கலியன் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, கேழ்வரகு அறுத்திருக்கிறார், ஒரு மூட்டை தருகிறேன் என்றார். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்காரர் கோழிக்குப் போடும் நொய்யை அம்மனுக்கு என்றதும் அள்ளிக் கொடுத்தார். கல்யாண வேலை எதுவும் நிற்காது, நீ கவலைப்படாதே.

உன் அக்கா,
மணியம்மாள்

கரக்பூர்
14-7-1975

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கோதண்டபாணி வணக்கம். மாமாவுக்கும் வணக்கம் சொல்லவும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கங்காவுக்கு மட்டும் முழங்கால் வலி.

முகூர்த்தம் எல்லோருக்கும் திருப்தி. ராஜகோபாலுக்கு ஒர்க்‌ஷாப்பில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டோம். வருஷத்தில் ஒரே தடவைதான் இத்தனை நாள் சேர்ந்தாற்போலக் கிடைக்கும். நாள் குறித்தது முதல் அவன் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிவிட்டது என்று கங்கா கேலி செய்கிறாள்.

மாசம் முழுக்கக் கூழ் வார்ப்பது உனக்கு எதற்கு? கல்யாண வீட்டுக்காரி நீ. நாலு பேரிடம் வேலையைப் பிரித்துக் கொடு. இன்னொன்று, மாமாவுக்குப் பாவு இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது? மறைக்காமல் எழுது.

தம்பி,
கோதண்டபாணி

காஞ்சிபுரம்
30-7-1975

தம்பி கோதண்டபாணிக்கு, எல்லோரும் சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். கங்கையம்மாளை வேப்பெண்ணெயைச் சுட வைத்து முழங்காலில் தேய்க்கச் சொல். நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பாள், விடாதே.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. பூசாரி மயில்வாகனம் கையிலும் வேண்டிக்கொண்டவள் என்று என் கையிலும் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்கள். மயில்வாகனம் உனக்குத் தெரிந்தவர்தான், நம்மைப்போலத் தறிக்காரர், வெள்ளிக்கிழமைக்குத்தான் பூசாரி. காப்பு அவிழும் வரை அவர் சவரம் செய்யக் கூடாது. இப்போதே முள்ளம்பன்றிபோல இருக்கிறார் என்று அவர் மனைவி நீலாம்பாள் புலம்புகிறாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சித்திரையில் கடைத்தெருப் பக்கம் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து கஞ்சித்தொட்டி திறந்தார்கள். கஞ்சியும் நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் நம் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் போனார். திரும்பும் வழியில் அவர் சம்பந்தி எதிரே வந்துவிட்டார். கொதிக்கிற கஞ்சியைத் துண்டுக்குள் மறைத்து வயிற்றைச் சுட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அவ்வளவு மானம் நமக்கு.

அதே மனிதர் அம்மன் கூழுக்கு இரண்டு பாத்திரத்தோடு முதலில் வந்து நிற்கிறார். இது பிரசாதம் ஆயிற்றே. பாவு கொடுக்கிற முதலாளியே சொம்போடு வந்து வாங்கிப் போகிறார். அவருக்குப் பின்னால் நிற்பவனுக்கு என்ன வெட்கம்? கூழ் வாங்குபவன் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை, பாத்திரத்தை மட்டும்தான் பார்ப்போம். அப்படி ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது.

முசரவாக்கத்துச் சனங்களும் வருகிறார்கள். அவர்களுக்குத் தனி வரிசை, தனி அகப்பை வைக்கலாமா என்று ஒரு பெரிய மனிதர் இழுத்தார். மயில்வாகனம் நிமிராமலே சொன்னார். "ஆத்தாளுக்கு ஒரே அகப்பைதான் இருக்குதுப்பா. ரெண்டாவது அகப்பைக்கு நான் எங்க போவேன்?" அதோடு பேச்சு முடிந்தது. அந்த ஊர் லில்லி என்கிற பெண் திருகையில் உட்கார்ந்தால் ஒரு மரக்கால் கேழ்வரகை மாவாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவள் வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள். படைத்த கூழ் அவர்கள் வீட்டில் ஆகாது. அதனால் படைப்பதற்கு முன்பே ஒரு சட்டி தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். அந்த நேரம் பார்த்து மயில்வாகனம் கற்பூரம் தேடி உள்ளே போய்விடுவார்.

நீ கேட்ட மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

மணியம்மாள்

காஞ்சிபுரம்
12-8-1975

தம்பி கோதண்டபாணிக்கு அக்கா எழுதுவது. உங்கள் எல்லோருடைய சுகமும் வேண்டும். இதை உட்கார்ந்து நிதானமாகப் படி. கங்கையம்மாளுக்கும் படித்துக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆடியின் கடைசிக் கூழ். அன்றைக்குக் காப்பு அவிழ்க்க வேண்டும். முதல் நாள் வந்த வரிசையைவிட அன்று வந்தது நீளம். லில்லி தன் சட்டியை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு உண்டாக்கா?" என்று கேட்டாள்.   வரிசையில் எல்லோரும் மயில்வாகனத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அம்மன் கைக் கயிற்றில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மணியம்மா, அவுத்துட்டா நாளைக்கு இது வெறுங்கூழு. ஒருத்தனும் வரமாட்டான், ஒருத்தனும் தானியம் தரமாட்டான். அவுக்கலன்னா தெருவுல தாலி ஏறக் கூடாது. கல்யாணம் உன் வூட்லதான் இருக்குது. நீ சொல்லும்மா."

அவர் சொன்னது நிஜம். காப்பு இருக்கும் வரை கேட்கிறவளுக்கு வெட்கம் கிடையாது, கொடுக்கிறவனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. காப்பு இருக்கும் வரை தெருவில் கல்யாணமும் கிடையாது, காப்புக் கட்டியவள் ஊர் எல்லை தாண்டவும் கூடாது. உன் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். உன்னிடமும் கங்கையம்மாளிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அங்கே நின்றபோது அதெல்லாம் தோன்றவில்லை. கட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மழை வந்து, அறுப்பு வந்து, சனங்கள் வீட்டில் உலை வைக்கும் வரை காப்பு இருக்கும். ஆகவே ஆவணி முகூர்த்தம் இல்லை. கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வைக்கும்படி உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மணியம்மாள்

கரக்பூர்
21-8-1975

அக்காவுக்கு, வணக்கம். இங்கே யாரும் சுகமாக இல்லை.

பிள்ளைக்கு லீவு கிடைத்து, ரயில் பாஸ் எழுதியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போது நான் அவர்களிடம் போய் என் அக்கா கூழ் வார்க்கிறாள், அதனால் கல்யாணம் இல்லை என்று சொல்லவா? சிரிக்க மாட்டார்களா?

கங்காவின் அண்ணன் நாக்பூரிலிருந்து வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை, வந்து உட்கார்ந்திருப்பதே போதும். கங்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உண்மையைச் சொல். காந்தாவுக்கு என் பிள்ளையைப் பிடிக்கவில்லையா? அல்லது உங்கள் கையில் ஒன்றும் இல்லையா? இரண்டும் இல்லையென்றால் ஒரு வழி சொல்கிறேன். கரக்பூரில் காப்பு கிடையாது. நம் ஆட்கள் கட்டிய கோயில் இருக்கிறது. எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள், ஆவணியிலேயே முடித்துவிடலாம். ஊருக்குக் கூழ் வார்க்க வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும்? உன் பெண்ணுக்கு நீ ஒருத்திதான் அம்மா.

கோதண்டபாணி

காஞ்சிபுரம்
29-8-1975

தம்பி கோதண்டபாணிக்கு, நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

நீ கோபப்படுவது நியாயம். உன் இடத்தில் நான் இருந்தால் இதைவிடச் சூடாக எழுதியிருப்பேன். காந்தாவுக்கு ராஜகோபாலைப் பிடிக்காமல் இல்லை. அந்தச் சந்தேகத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடு.

நீ சொன்ன வழியை யோசித்தேன். காப்பு என் கையில் இருக்கிறது, நான் எல்லை தாண்ட முடியாது. உன் மாமாவும் காந்தாவும் வருவார்கள். நான் இல்லாமல் கல்யாணத்தை நடத்திவிடு.

தாய் ஸ்தானத்தில் கங்கையம்மாள் நிற்கட்டும். காந்தாவுக்குத் தலையில் வலது பக்கம் சிக்கு விழும். இழுத்துச் சீவினால் ஒன்றும் சொல்ல மாட்டாள், கண்ணில் மட்டும் தண்ணீர் நிற்கும். நுனியிலிருந்து மெதுவாகச் சீவச் சொல். பூ அதிகம் வைத்தால் அவளுக்குத் தலை வலிக்கும். தாலி ஏறுகிற நேரத்தை முன்கூட்டியே எழுதிவிட்டால் இங்கே அந்த நேரத்தில் கோயில் மணியை அடித்துக்கொள்கிறேன். இதை எழுதுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

கூழ் வார்க்க வேறு ஆள் கிடைக்காதா என்று கேட்டிருந்தாய். கிடைப்பார்கள். காப்பைக் கழற்றி இன்னொருத்தி கையில் கட்ட முடியாது, அவ்வளவுதான்.

பதிலை எதிர்பார்க்கும்,
மணியம்மாள்

காஞ்சிபுரம்
12-10-1975

தம்பிக்கு, சுகமா? ஆவணி போய்விட்டது. உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் நான் அகப்பையோடு எழுந்து நிற்கிறேன், நீலாம்பாள் சிரிக்கிறாள்.

உன் மாமா இப்போது மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியோடு வாலாஜாபாத் வரை போய் நொய் கேட்டு வருகிறார். முதலாளியிடம் ஒரு நாளும் முன்பணம் கேட்டு வாய் திறக்காத மனிதர். முதல் நாள் மில் வாசலில் துணியை விரித்தபோது மில்காரர் எழுந்து நின்றுதான் போட்டாராம். அதை என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டார். மயில்வாகனத்தின் தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. மேற்கே மேகம் கட்டுகிறது, இன்னும் இறங்கவில்லை. கோபத்திலாவது இரண்டு வரி எழுது.

மணியம்மாள்

காஞ்சிபுரம்
30-10-1975

மாமா அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும் காந்தா பணிவான நமஸ்காரம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. கல்யாணப் பெண் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மா கடிதங்களில் விட்டதை நான் எழுதுகிறேன். எங்கள் தறி சித்திரையிலிருந்து காலி. ஆனி மாதம் அப்பா தறிக்குழிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். சாப்பிட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி அவர் பங்கை எங்களுக்கு விட்டிருக்கிறார். நாங்களும் அப்படியே ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா விழுந்த அன்றுதான் அம்மா கூழ் வார்க்க வேண்டிக்கொண்டார்கள். ஆடியிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கூழ்தான் சாப்பாடு. அம்மா எல்லோருக்கும் ஊற்றி முடித்துவிட்டு, கடைசியில் எங்கள் குண்டானையும் வரிசையில் வைத்து, அதற்கும் ஊற்றி எடுத்து வருவார்கள்.

காப்பை அவிழ்த்தால் சனங்கள் வரமாட்டார்கள் என்று அம்மாவுக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவே போக மாட்டார்கள், மாமா. கஞ்சித்தொட்டி திறந்திருந்தபோதும் நாங்கள் பட்டினிதான்.

நான் கரக்பூருக்கு வந்து மாலை போட்டுக்கொள்ள மாட்டேன். அம்மா இல்லாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம். உங்கள் வீட்டில் அவசரம் என்றால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. வருத்தப்படுவேன். ஆனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
காந்தா

காஞ்சிபுரம்
23-11-1975

என் தம்பிக்கு, என் கங்கையம்மாளுக்கு, அக்காவின் கோடி ஆசீர்வாதம். இங்கே மழை. குளம் குட்டையெல்லாம் ரொம்பி, தெருவில் தவளை கத்துகிறது. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா?

போன வாரம் செவ்வாய்க்கிழமை குடையும் கோணிப்பையுமாக வரிசை நின்றது. நான் வழக்கம்போலக் குனிந்தே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் பாத்திரம் இல்லாமல் இரண்டு கையையும் குவித்து நீட்டினான். எனக்குக் கோபம் வந்தது. "சொம்பு எடுத்துக்கினு வரக் கூடாதாப்பா? சுடுகூழைக் கையிலயா ஊத்துவாங்க?" என்றேன்.

"கையிலயே ஊத்துங்க அத்தை" என்றான்.

இந்தத் தெருவில் என்னை அத்தை என்று கூப்பிட ஆள் கிடையாது. நாலு மாசத்தில் முதல்தடவையாக நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்தேன். நம் அப்பாவின் மூக்கு. சின்னப் பிள்ளையாகப் பார்த்தவன் கூரை இடிக்கிற உயரத்தில் நிற்கிறான். அகப்பை கையிலிருந்து கூழில் விழுந்துவிட்டது. அழுதேன், தம்பி. அத்தனை பேர் பார்க்க அழுதேன். வரிசையில் இருந்தவர்கள் கூழைக் கேட்காமல் நின்றார்கள்.

அப்பா கடிதம் ஏதும் கொடுத்தாரா என்று அவனைக் கேட்டேன். நீ எழுத உட்கார்ந்து கிழித்துக் கிழித்துப் போட்டாயாம். கடைசியில் பாஸை நீட்டி, நீயே போ என்றாயாம். இதைவிட நல்ல கடிதம் எனக்கு வந்ததில்லை.

கல்யாணத்துக்கு வைத்திருந்த லீவைப் பிள்ளை இங்கே விறகு பிளந்தும் தண்ணீர் தூக்கியும் செலவு செய்கிறான். நம் வீட்டில் தங்கக் கூடாது அல்லவா, மயில்வாகனம் வீட்டில் படுக்கிறான். லில்லியிடம் திருகை சுற்றக் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து பாதி மாவைத் தலையில் பூசிக்கொண்டான். காந்தா உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று முறத்தை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். புடைத்த கேழ்வரகையே புடைக்கிறாள். நான் பார்க்காததுபோல இருக்கிறேன்.

காந்தா உனக்கு எழுதியதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளைத் திட்டினேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

மணியம்மாள்

கரக்பூர்
16-12-1975

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பி கோதண்டபாணி, கங்கா இருவரும் நமஸ்கரித்து எழுதுவது. பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தான். கறுத்து, இளைத்து, உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு வந்தான். இப்படிச் சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததில்லை.

நீ எழுதிய கடிதங்களை எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். எல்லாவற்றிலும் சுகம், சுகம், சுகம். மாமா பகலில் கால் நீட்டிப் படுக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து நான் சிரித்தேன். பசி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் மணியார்டர் அனுப்பியிருக்க மாட்டேனா? நான் யார் உனக்கு? இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராஜகோபால் வந்த அன்று கங்காவின் அண்ணன் மறுபடியும் நாக்பூரிலிருந்து வந்திருந்தார். இந்தத் தடவை வாய் திறந்தே கேட்டார். கங்கா சொன்னாள். "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு ஊருக்கே கூழ் வார்த்த வூட்டுப் பொண்ணுண்ணா. தை இல்ல, அடுத்த தை வரைக்கும் காத்துக்கினு இருப்போம்." அவர் நல்ல மனிதர். காபியைக் குடித்துவிட்டு, கல்யாணத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லிப் போனார்.

என் மருமகளையும் என் அக்காவையும் என் மாமாவையும் உயிரோடு வைத்திருந்தது அந்தக் கூழ். அதற்கு நான் யார் யாருக்கு நன்றி சொல்வேன்? கேழ்வரகு கொடுத்த கலியனுக்கு, எழுந்து நின்று நொய் போட்ட மில்காரருக்கு, மாவு அரைத்த அந்தப் பெண் லில்லிக்கு, தாடி வளர்த்த மயில்வாகனத்துக்கு எல்லோருக்கும் கரக்பூரிலிருந்து ஒருவன் கும்பிட்டான் என்று சொல்லிவிடு. காப்பு எப்போது அவிழ்கிறதோ அப்போது அவிழட்டும்.

உன் தம்பி,
கோதண்டபாணி

காஞ்சிபுரம்
26-1-1976

அருமைத் தம்பிக்கும் கங்கையம்மாளுக்கும் மருமகன் ராஜகோபாலுக்கும் மணியம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. மாசி வளர்பிறையில் முகூர்த்தம். நாளைத் தனிக் கார்டில் எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். உன் மாமாவுக்குக் கார்த்திகையிலேயே பாவு வந்துவிட்டது. தறிச்சத்தத்தில் எனக்கு ஒருவர் பேசுவது கேட்பதில்லை, கேட்காமலே இருக்கட்டும்.

நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன். எழுதியிருந்தால் நீ பணம் அனுப்பியிருப்பாய். எங்கள் வீட்டில் உலை கொதித்திருக்கும். அப்புறம் நான் வரிசைக்கு இந்தப் பக்கம் நின்று ஊற்றுகிறவளாக மட்டும் இருந்திருப்பேன். எங்கள் குண்டானும் வரிசையில் இருந்ததைத் தெரு பார்த்தது. அதைப் பார்த்துத்தான் நீலாம்பாள் தன் குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். பூசாரி வீட்டில் மூன்று நாள் அடுப்பெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். உன்னை வேற்றாளாக நினைத்து மறைக்கவில்லை. உன் பணம் வந்தால் நான் வாங்கிக்கொள்வேன் என்று பயந்துதான் மறைத்தேன்.

காப்பு எப்படி அவிழ்ந்தது என்று சொல்கிறேன். மார்கழியிலேயே வரிசை குறைய ஆரம்பித்தது. முசரவாக்கத்தில் ஏரி ரொம்பியதும் களை எடுக்க ஆள் கூப்பிட்டார்கள், பிறகு அறுப்புக்குக் கூப்பிட்டார்கள். பொங்கலன்று யாரும் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வெள்ளிக்கிழமை எப்போதும்போலக் கூழ் காய்ச்சினோம். உச்சிவேளை தாண்டியும் பாதி அண்டா அப்படியே இருந்தது. நான் பயந்துவிட்டேன். பல்லி கில்லி விழுந்துவிட்டதோ, அதை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று அகப்பையை விட்டுத் துழாவினேன்.

அப்போது லில்லியின் மகள் வெறுங்கையோடு வந்தாள். "அம்மா வூட்ல சோறு ஆக்கிக்கினு இருக்குது. கூழு வாணாம்னு சொல்லச் சொல்லிச்சு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

கலியன் அன்று புதுக் கேழ்வரகோடு வண்டி ஓட்டி வந்திருந்தார். மிஞ்சிய கூழை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மிஞ்சி எங்களுக்குப் பழக்கம் இல்லையே. கடைசியில் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து வண்டி மாட்டுக்கு வைத்தோம். அது மூக்கு வரை முகத்தை விட்டு உறிஞ்சிக் குடித்தது. குடித்து முடிக்கும் வரை நானும் நீலாம்பாளும் கலியனும் பார்த்துக்கொண்டு நின்றோம். மாட்டுக்குக் கொடுக்க மனுஷரிடம் மிஞ்சிவிட்டது, தம்பி. நீலாம்பாள்தான் முதலில் அழுதாள்.

மயில்வாகனம் தாடியைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "இப்ப அவுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டினேன்.

உன் அக்கா,
மணியம்மாள்